அடைப்புக்குறிக்குள் அழுகை

யோலெய்தா போஸ்கானுக்குக் கூர்மையான காது. எங்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் ஸ்பானிய மொழிப்பாடம் நடத்தினாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே, கடைசி பெஞ்சில் யார் யாரிடம் என்ன கிசுகிசுத்தார்கள் என்று திரும்பாமல் சொல்வாள். நான் அதே பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அவள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அவளைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் நடந்தது முழுவதும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள் எழுதப்போவதில்லை.

ஆசிரியர் சம்பளத்தில் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது என்றான பிறகு நாங்கள் ஒவ்வொருவராகப் பள்ளியை விட்டோம். எங்கள் ஊரான மரக்காய்போவில் பாதிப் பேர் நாட்டையே விட்டுப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. நான் ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தேன். யோலெய்தா இணையத்தில் ஒரு வேலை பிடித்தாள். எந்த நாட்டுக் கம்பெனி என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. கடிதங்களின் கீழே ஆள் பெயர் இருக்காது, 'தரக் குழு' என்று மட்டும் இருக்கும்.

வேலை இதுதான். மக்கள் போனிடம் பேசுகிறார்கள். போனுக்குத் தலைநகரத்து ஸ்பானியம் புரிகிறது, எங்கள் ஊர்ப் பேச்சு புரிவதில்லை. அதைப் பழக்க எங்கள் ஊர்க் காதுகள் தேவைப்பட்டன. பத்துப் பன்னிரண்டு விநாடி நீளமுள்ள குரல் துண்டுகள் அவள் கணினிக்கு வரும். காதில் விழுவதை விழுந்தபடியே தட்டச்சு செய்யவேண்டும். பிழையைத் திருத்தக்கூடாது. ஓர் ஆசிரியைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லிச் சிரிப்பாள். இருமினால் அடைப்புக்குறிக்குள் இருமல், சிரித்தால் அடைப்புக்குறிக்குள் சிரிப்பு. பேசியவரின் பெயர் வராது, ஓர் எண் மட்டும் வரும். திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. 'இந்தக் குரலை நான் அறிவேன்' என்று அதில் எழுதியிருக்கும். தெரிந்த குரல் வந்தால் அதை அழுத்திவிட வேண்டும்; துண்டு வேறு ஊர் ஆளுக்குப் போய்விடும்.

"போன்கிட்ட அப்படி என்னதான் பேசறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாதிப் பேர் போன்கிட்ட பேசறதே இல்ல, நைலா. கூப்பிட்ட மாதிரி ஏதாவது சத்தம் கேட்டா அது தானா முழிச்சுக்குது. அவங்க பாட்டுக்கு வீட்ல பேசிட்டு இருக்காங்க. நேத்து ஒருத்தன் கோழிக்குத் தாலாட்டு பாடறான். முட்டை போட மாட்டேங்குதாம்."

அந்தத் தாலாட்டை அவள் அதே ராகத்தில் பாடிக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அடுத்த வாரம் நானே போய், "புதுசா என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். கோழிக்காரனுக்கு நாங்கள் சிரிப்பது தெரியுமா என்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. நாங்கள் படித்தவர்கள், பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தவர்கள்.

யோலெய்தாவுக்கு எதிர்வீடு ஒமைரா ஃபுயென்மயோர். காலையில் தன் ஜன்னலிலேயே அடுப்பு வைத்து, இறைச்சி அடைத்த பஸ்தெலிட்டோ பொரித்து விற்பாள். அவள் மகன் எந்தருக்கு யோலெய்தாதான் ஞானத்தாய். பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்று கூப்பிட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அந்த உறவு ரத்த உறவுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. யோலெய்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எந்தருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது, முதல் சைக்கிள் வாங்கித் தந்தது, அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்தது எல்லாம் அவள்தான்.

எந்தர் நாலு வருடம் முன்பு மனைவியோடு நாடு விட்டு, பேருந்து மாறி மாறி லீமா போய்ச் சேர்ந்தான். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பன்னிரண்டாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் கடல் என்று ஒமைரா தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். அந்தக் கடலின் படம் ஒன்றும் அவள் போனில் இருந்தது. பஸ்தெலிட்டோ வாங்க வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது.

ஒரு மார்ச் மாதக் காலையில் யோலெய்தாவின் காதில் அந்தக் குரல் வந்தது.

"பஸ்ஸுல மிட்டாய் விக்கறான், எக்லே. கைக்குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு ஒவ்வொரு பஸ்ஸா ஏறி இறங்கறான். மாடியும் இல்ல, கடலும் இல்ல. யார்கிட்டயும் வாயத் தொறந்துடாத."

எக்லே என்பது ஒமைராவின் தங்கை. விதவை, அக்காவோடு அதே வீட்டில் இருந்தாள். பேசுவது ஒமைராதான், சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"வெரல் செவப்புப் பொத்தான் மேலதான் இருந்துச்சு" என்று யோலெய்தா பிறகு என்னிடம் சொன்னாள். "அமுக்கினா போயிடும். இன்னொரு தரம் கேக்க முடியாது. அதனால வெரல எடுத்துட்டேன்."

நாலு தரம் கேட்டாளாம். பிறகு ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல் தட்டச்சு செய்து, கடைசியில் அடைப்புக்குறி போட்டு அழுகை என்று எழுதி அனுப்பினாள்.

தற்செயலாகக் கேட்டதுதானே என்று அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. அவள் தேட ஆரம்பித்தாள். எங்கள் ஊர்ப் பேச்சு உள்ள துண்டுக் கட்டுகளை மட்டும் எடுத்தாள். வேலை வேண்டும், வேகமாகத் தட்டுகிறேன் என்று இரண்டு பங்கு வாங்கினாள். ஆயிரம் குரல்களுக்கு நடுவே ஒரு குரலுக்காகக் காத்திருந்தாள். சமைக்கும்போதுகூட மனம் அங்கேயே இருந்ததாம். மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு துண்டுகள் கிடைத்தன. ஒன்றில் ஏதோ வெங்காயப் பேச்சு. மற்றதில் ஒமைரா சொன்னாள்:

"யோலெய்தாகிட்டயா? வேண்டாம்டி. தெரிஞ்சா என்னைப் பாவம்னு பாப்பா. அவ பார்வைய என்னால தாங்க முடியாது."

அதுதான் அவளைக் குத்தியது. தன் ஞானமகன் நடுத்தெருவில் மிட்டாய் விற்கிறான் என்பதைவிட, தன்னிடம் மறைத்தார்கள் என்பது. தான் கேட்டிருக்கவே கூடாத ஒரு பேச்சுக்காக அவள் கோபித்துக்கொண்டாள்.

அந்த வாரம் தண்ணீர் லாரி வந்தது. நாங்கள் எல்லோரும் வாளிகளோடு வரிசையில் நின்றோம். ஒமைரா வழக்கம்போல எந்தர் பேச்சை எடுத்தாள்.

"என் பையனுக்கு அங்க சம்பளம் ஏத்தப் போறாங்களாம், கொமாத்ரே."

"அப்படியாடி?" என்றாள் யோலெய்தா. "இப்ப எந்த மாடி?"

"அதேதான், பன்னெண்டு."

"லிஃப்ட்ல போறானா, இல்ல தொங்கிட்டே போறானா? லீமாவுல எல்லாரும் தொங்கிட்டேதான் போறாங்கன்னு கேள்விப்பட்டேன்."

ஒமைராவுக்குப் புரியவில்லை. சிரித்தாள். "உனக்கு எப்பவும் கிண்டல்தான், போ." ஆனால் வாளியைத் தூக்கும்போது ஒருமுறை யோலெய்தாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். லாரி போனபிறகு யோலெய்தாவின் சமையலறைக்குப் போய், "என்னடி விஷயம்?" என்று நோண்டியவள் நான்தான்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒமைராவின் வார்த்தைகளை அவள் குரலிலேயே, அந்த இழுவையோடு சொன்னாள். கோழித் தாலாட்டைப் பாடிய அதே தொண்டை. இந்தமுறை நான் சிரிக்கவில்லை. ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை.

அன்று சாயங்காலமே என் கணவர் ரிக்சியோவிடம் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதே என்று நானும் சொன்னேன். மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்பது பொய். உண்மையில், எனக்கு ஒரு செய்தி தெரியும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. கிளினிக் மேஜையில் நாள் முழுக்க அடுத்தவர் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறவளுக்கு அது ஒரு பெருமையாக இருந்தது.

ரிக்சியோ டோமினோ மேஜையில் சொன்னார். எங்கள் தெருமுனை டயர் கடையின் வேப்பமர நிழலில் சாயங்காலம் நாலு பேர் டோமினோ ஆடுவார்கள். அங்கே சொன்னது ஊர் முழுக்கச் சொன்னதாகத்தான் அர்த்தம். பத்து நாள் கழித்து ஒமைரா அந்தப் பக்கம் மிச்சமிருந்த பஸ்தெலிட்டோக்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு போனாள். டயர் கடைக்காரர் ஹெபெர்த்தோ காய்களிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"ஒமைராக்கா, நம்ம பன்னெண்டாவது மாடி எஞ்சினியர்கிட்ட சொல்லி எனக்கு ரெண்டு மிட்டாய் அனுப்பச் சொல்லுங்களேன். புதினா இருந்தா நல்லது. பஸ் டிக்கெட்ட நான் போட்டுடறேன்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். ரிக்சியோவும் சிரித்தார். பிறகு ஒமைராவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்களாம். அவள் தட்டை மேஜை மேல் வைத்தாள். எல்லாவற்றையும் நீங்களே சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினாள்.

வெயிலுக்காக எங்கள் தெருவில் ஜன்னல்கள் எப்போதும் திறந்திருக்கும். அந்தச் சண்டையைக் கேட்காதவர் யாருமில்லை. ஒமைரா அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. எக்லேயின் குரல் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைச் சொன்னது: "நான் இல்லக்கா. நான் இல்லக்கா." மூன்றாம் நாள் காலையில் எக்லே ஒரு துணிப்பையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். ஏரிப் பாலம் தாண்டிக் கபீமாஸில் ஒரு சொந்தக்காரர் வீடு இருந்தது. நான் கிளினிக்குக்குப் போகிற வழியில் அவளைப் பார்த்து, "எங்க கெளம்பிட்டே?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அவள் பதில் சொல்லும் முன்பே நடந்துவிட்டேன்.

யோலெய்தாவிடம் சொன்னேன்: "நான் ரிக்சியோகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"நானும் உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள் அவள்.

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். ஒமைராவிடம் உண்மையைச் சொன்னால் யோலெய்தாவின் வேலை போய்விடும் என்று நான் சொன்னேன். ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு என்று ஒரு பக்கம் இருக்கிறது என்று அவள் சொன்னாள். ஒமைராவின் ரகசியத்தைக் காப்பாற்றாத நாங்கள், எங்களைக் காப்பாற்றுவதற்கு அந்தப் பக்கத்தைத் தேடினோம்.

ஒரு மாதம் போனது. எந்தருக்கும் செய்தி எட்டிவிட்டது. யாரோ கிண்டலாக அவனுக்கே எழுதியிருந்தார்கள். அவன் அம்மாவைக் கூப்பிடுவதை நிறுத்தினான். ஒமைரா ஜன்னலில் பொரித்தாள், விற்றாள், கடல் படத்தை யாருக்கும் காட்டவில்லை.

பிறகு நாலாவது துண்டு வந்தது. யோலெய்தா தேடுவதை விட்டு நாளாகியிருந்தது. அதுவாக வந்தது. தொலைபேசியில் எக்லேயுடன் ஒமைரா பேசுகிறாள்.

"உன்கிட்ட மட்டும்தானடி சொன்னேன். வேற யாருக்குத் தெரியும்? இந்தச் சொவத்துக்கா?"

அதற்குமேல் பேச்சில்லை. எட்டு விநாடி வெறும் அழுகை. யோலெய்தாவின் விரல்கள் பழக்கத்தில் தட்டிக்கொண்டே போயின. சுவர் என்ற சொல்லைத் தட்டினாள், கேள்விக்குறி போட்டாள், அடைப்புக்குறியைத் திறந்தாள். அங்கே நின்றுவிட்டாள். "என்னால அத மூட முடியல, நைலா" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வாசலில் வந்து நின்றாள். சலவை செய்த சட்டை போட்டிருந்தாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள் மாதிரி.

"ஒமைரா வீட்டுக்குப் போறேன். நீயும் வர்றியா?"

"கிளினிக்குக்கு நேரமாச்சு" என்றேன்.

அன்று எனக்கு விடுமுறை. அது அவளுக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டுத் தெருவைக் கடந்தாள். அங்கே நடந்ததை மத்தியானம் அவளே என்னிடம் சொன்னாள். அவள் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டாள். கேட்டதைக் கேட்டபடி சொல்கிற பழக்கம்.

ஒமைரா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "உக்காரு கொமாத்ரே" என்றாள். யோலெய்தா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒமைராவின் கை மாவுக்குள் நின்றது.

"என் கொரல் உன் வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"போன் தானா முழிச்சுக்குச்சு. கொஞ்சம் பதிவு பண்ணி அனுப்பிடுச்சு. அத எழுதறதுதான் என் வேலை."

"நான் அனுப்பச் சொல்லலையே."

"போன் வாங்கின அன்னிக்கு 'சம்மதம்'னு ஒரு எடத்துல அமுக்கியிருப்ப."

"அமுக்கினேன். அமுக்கலன்னா அது தொறக்கவே மாட்டேன்னுச்சு." ஒமைரா அடுப்பு மேடையில் இருந்த போனைப் பார்த்தாள். "வேற என்னல்லாம் கேட்ட?"

"நாலு தரம் உன் கொரல் வந்துச்சு. நாலையும் சொல்லிட்டேன்."

"உனக்கு வந்தது நாலு. மத்தவங்களுக்கு?"

யோலெய்தாவும் அந்தப் போனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அழுததையும் எழுதினியா?"

"எழுதினேன்."

"எப்படி எழுதின?"

"அடைப்புக்குறிக்குள்ள. அழுகைன்னு."

ஒமைரா விரல்களில் ஒட்டிய மாவை வழித்துப் போட்டாள். பிறகு, "யார்கிட்ட சொன்ன?" என்றாள்.

"என் வாயிலேர்ந்துதான் கெளம்புச்சு. அதுக்கு மேல கேக்காத."

"கேக்கல. என் பையன உன் கையில கொடுத்து ஞானஸ்நானம் பண்ணினேன். அவன் மானத்த நீ தெருவுல வித்துட்ட. நான் என் தங்கச்சியத் தொரத்திட்டேன். இப்ப நான் அவளுக்குப் போன் பண்ணணும். எந்தப் போன்ல பண்றது, சொல்லு." பிறகு மாவைத் துணியால் மூடினாள். "நீங்க கெளம்புங்க."

அந்த 'நீங்க' என்ற சொல்லை யோலெய்தா என்னிடம் இரண்டு தரம் சொல்லிக் காட்டினாள். முப்பது வருடத்தில் அவர்களுக்குள் அந்தச் சொல் வந்ததேயில்லை.

அன்று மாலையே அவள் கம்பெனிக்கு எழுதினாள். தெரிந்த குரலைக் கேட்டதையும் பொத்தானை அழுத்தாததையும் வெளியே சொன்னதையும் ஒன்றுவிடாமல் எழுதி, அந்த நாலு துண்டுகளையும் அழித்துவிடும்படி கேட்டாள். ஒரு மணிநேரத்துக்குள் பதில் வந்தது. விதிமீறலுக்காக அவள் கணக்கு மூடப்படுகிறது. குரல்களுக்குப் பெயர் கிடையாது என்பதால் யாருடையது என்று தேடி எடுக்க வழியில்லை. இதுவரை செய்த துல்லியமான பணிக்கு நன்றி. அந்தக் கடைசி வரியை அவள் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. நானே திரையில் பார்த்தேன்.

எக்லே கபீமாஸிலேயே தங்கிவிட்டாள். ஒமைரா பேருந்தில் ஏரிப் பாலம் தாண்டிப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டாள். "யோலெய்தா பண்ணினது யோலெய்தாவோட பாவம். ஆனா நீ என்னைய நம்பலையேக்கா" என்றாளாம் தங்கை. கிறிஸ்துமஸுக்கு வந்தாள், இரண்டு நாள் இருந்தாள், போய்விட்டாள்.

எந்தர் இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டான். வீட்டிலிருந்து இல்லை, பஸ்ஸுக்குள்ளிருந்து. கேமராவைத் திருப்பி, பயணிகளையும் மிட்டாய்ப் பெட்டியையும் மனைவி மடியில் தூங்கும் குழந்தையையும் காட்டினானாம். ஒமைரா ஜன்னலில் பொரித்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னாள். "நல்லாத்தான் பேசி விக்கறான். தொண்டதான் கட்டியிருந்துச்சு. இஞ்சி போட்டுக் குடிடான்னு சொன்னேன்." போனை அவள் தூக்கி எறியவில்லை. மகன் முகம் வருவது அதில் மட்டும்தான். யாரிடமாவது மனம்விட்டுப் பேசவேண்டுமானால் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போகிறாள். எங்கள் தெருவில் இப்போது பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

யோலெய்தா வீட்டிலேயே சிறுபிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். தண்ணீர் லாரி வந்தால் வரிசையின் கடைசியில் போய் நிற்கிறாள். முன்னால் இரண்டு பெண்கள் குரலைத் தாழ்த்தினால் வாளியை அப்படியே விட்டுவிட்டு நாலடி தள்ளிப் போகிறாள். முதலில் அது நடிப்பு என்று தெருவில் பேசினார்கள். இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒமைரா அவளைப் பார்த்தால் "சௌக்கியமா இருக்கீங்களா?" என்று கேட்கிறாள். யோலெய்தா "இருக்கேன்" என்கிறாள். அவ்வளவுதான். அவள் அந்த மரியாதையைத் தண்டனை என்று சொல்லி என்னிடம் குறைபட்டுக்கொண்டதில்லை.

என்னையும் அவள் காட்டிக்கொடுத்ததில்லை. டோமினோ மேஜைக்கு அந்தப் பேச்சு எப்படிப் போனது என்று ஒமைரா இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை. தெரியாமல் இருக்கலாம். தெரிந்து கேட்காமலும் இருக்கலாம். கிளினிக்குக்குப் போகிற வழியில் ஜன்னலில் நிற்கிறேன், சூடாக இரண்டு எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தருகிறாள், "ரிக்சியோ நல்லா இருக்காராடி?" என்கிறாள். இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போகிறேன். நல்லா இருக்கார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.